சம்பந்தியம்மாவின் முகம்

ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா சுகமாக இருக்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன். எழுதி முடிப்பதற்குள் அது எப்படி வேண்டுமானாலும் மாறலாம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நீ பத்தாவது வார்த்தையிலேயே டாக்டராகிவிடுகிறாய். போதாக்குறைக்கு உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. அப்பா மாடிப்படிக் கைப்பிடிக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். பாதியில் டப்பா தீர்ந்துபோனதால் மேல்பாதி பழைய நீலத்திலேயே நிற்கிறது. இன்னொரு டப்பா வாங்கி வாருங்கள் என்றால், "ரெண்டு கலர்லதான் எடுப்பா இருக்கு" என்கிறார். மனிதர் ஓய்வு பெற்றதிலிருந்து தான் செய்த எந்த வேலையிலும் குறையே காண்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை உன் மாமியார் வந்திருந்தார். அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியாம், நம்மையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். கதவைத் திறந்த எனக்கு ஒரு நிமிடம் ஆளே அடையாளம் தெரியவில்லை. அவருடைய தங்கையாக இருக்கும் என்று நினைத்து, அக்கா வரவில்லையா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

உன் கல்யாணத்தின்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெற்றியோரத்திலும் வலது கன்னத்திலும் காபித்தூளைக் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாக இருக்கும். இருபத்தைந்து வருடம் காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்த தலைமையாசிரியை. ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வெயில் பட்டுப் பட்டு வந்தது என்று அப்போதே சொன்னார். இப்போது அந்தக் கன்னத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. இரண்டு கன்னமும் ஒரே நிறம். அறுபத்திரண்டு வயசுக்கு அது அதிகம்.

அப்பா சும்மா இருக்கக் கூடாதா? "என்ன சம்பந்தி, பத்து வயசக் கொறச்சிக்கிட்டு வந்துட்டீங்க" என்றார். எனக்குக் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. நான் ஒரு பத்து நிமிடம் குறைந்திருப்பதாகக்கூட இந்த மனிதர் சொன்னதில்லை. அவருக்கென்ன, முப்பது வருடம் குளிர்பதனக் கிடங்கில் நின்றவர். வெயில் என்பதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தவர். தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்துகொண்டு அடுத்தவர் முகத்தைப் பற்றிப் பேசுகிறார்.

உன் மாமியார் உடனே, "எல்லாம் நம்ம பொண்ணு கைவண்ணந்தான்" என்றார். நம்ம பொண்ணு. அதைத் தொடர்ந்து நீ என்னென்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கிளினிக் நாற்காலியைச் சாய்த்து உட்கார வைப்பாயாம். இரண்டு விரலால் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்புவாயாம். கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "பயப்படாதீங்க அத்தை, ரப்பர் பேண்ட இழுத்து விட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பாயாம். வலித்தால் கையைத் தட்டிக் கொடுப்பாயாம். முடிந்ததும் நீயே களிம்பு பூசிவிட்டு, காற்று வரட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாயாம். நான் ரொட்டியை வாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். இரண்டு துண்டு கருகிப்போனது. அவற்றை அப்பாவுக்கு வைத்தேன்.

கிளம்பும்போது என் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, "வீட்லயே டாக்டர வச்சிக்கிட்டு நீங்க ஏன் சம்பந்தி இத இப்படி விட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். பையிலிருந்து தான் பூசி மிச்சமிருந்த க்ரீம் ட்யூபை எடுத்து என் கையில் வைத்து, இரவில் எப்படிப் பூச வேண்டும் என்று விளக்கினார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் ஓட்டி வந்த புள்ளிக்கே இவ்வளவு கவனிப்பு என்றால், நான் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக நடந்து தண்ணீர் மீட்டர் பார்த்து வந்த புள்ளிக்கு என்ன செய்வாய் என்று யோசித்தேன். யோசித்தேன், அவ்வளவுதான். உன்னை எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கடைசியில் சொல்கிறேன் என்றேனே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வயிற்றில்தான் கொஞ்சம் எரிச்சல். அதற்கு உன்னிடம் மருந்து இருக்காது, நீ தோல் டாக்டர்.

என்றும் உன் நன்மையே வேண்டும்,
அம்மா



வெள்ளிக்கிழமை

மகளுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்தது. அகலத் தொப்பி ஒன்று, சன்ஸ்க்ரீன் இரண்டு, கூடவே ஒரு அச்சடித்த தாள். தாளின் மேலே "அன்பார்ந்த நோயாளிக்கு" என்று போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில் இரண்டு பக்கம். இடையில் இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டிருக்கிறாய். அது உன் கை போட்ட கோடா, உன் நர்ஸ் போட்ட கோடா என்று தெரியவில்லை.

நான் அதைப் படிக்கவில்லை. உன் மாமியாருக்குக் கை, எனக்குக் காகிதமா என்று கோபம் வந்தது. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். தொப்பியை அப்பா போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார். அவருக்கு எடுப்பாக இருக்கிறதாம்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். கிளினிக் திறந்த புதிதில் நீ இங்கே வந்திருந்தாய். "நீதாம்மா என் மொதப் பேஷண்ட், வா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். நான்தான் மாட்டேன் என்றேன். வெயிலில் நின்று சம்பாதித்த முகம், இதைத் துடைத்துக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். நீயும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன் என்பது உண்மை. ஏன் வேண்டாம் என்றேன் என்பது உனக்குத் தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாள் மென்று முழுங்கியது போதும்.

உன் கல்யாண வரவேற்பு அன்று மேக்கப் போட வந்த பெண்ணிடம் நீ சொன்னாய்: "அம்மா மூஞ்சில இருக்கற புள்ளியெல்லாம் தெரியாத மாதிரி போட்டு விட்டுருங்க." நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து ஒன்றும் கேட்காத மாதிரி உட்கார்ந்தேன். அந்தப் பெண் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல அடித்தாள். கையில்கூட அடித்தாள். ஆல்பத்தில் உன் பக்கத்தில் ஒரு பெண்மணி நிற்கிறார், அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் அந்த ஆல்பம் உன் பழைய துணிகளுக்கு அடியில் கிடக்கிறது, அப்பா எங்கேயோ தொலைத்ததாக நான் சொன்னது பொய்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்து உனக்கு வெட்கம் என்றால், அவற்றை உன்னிடமே கொண்டுவந்து காட்டி எடுத்துவிடு என்று எப்படிக் கேட்பேன்? இப்போது உன் மாமியாரைத் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறாய். பார்த்துக்கொள். நல்லது. பெரியவர்களைக் கவனிக்க வேண்டும் என்று நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், இவ்வளவு நன்றாகப் படிப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

இதற்கு நீ பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. என் முகத்தை நானே பார்த்துக்கொள்வேன். அதற்கான ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. என்ன ஏற்பாடு என்று அப்பாவைக் கேட்காதே, அவருக்குத் தெரியாது.

அம்மா



மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

தாங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முகம் எப்போதும்போலப் பளிச்சென்று இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தாங்கள் அன்போடு கொடுத்துச் சென்ற ட்யூபைத் தாங்கள் சொன்னபடியே இரவில் மட்டும், பட்டாணி அளவு எடுத்து, புள்ளியின்மேல் மட்டும் பூசி வந்தேன். ஒரு நாளும் தவறவில்லை. வேலையில் இருந்த காலத்தில்கூட நான் ஒரு வீட்டை விட்டவள் இல்லை. முதல் வாரம் அரித்தது. இரண்டாம் வாரம் சிவந்து தோல் உரிந்தது. இப்போது பூசிய புள்ளியெல்லாம் முன்னைவிடக் கறுத்து, சுற்றிலும் சிவந்து நிற்கிறது. பூசாத புள்ளிகள் சாதுவாக அப்படியே இருக்கின்றன.

தங்களுக்கு வெளுத்த அதே மருந்து எனக்கு மட்டும் கறுத்ததற்கு என்ன காரணம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மருந்து பழசாகியிருக்கலாம். கைமறதியாக வேறு ட்யூபைக் கொடுத்திருக்கலாம். நல்ல மருந்தை யாரும் மிச்சம் வைக்க மாட்டார்கள் என்று முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தாங்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ட்யூபை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூடி பத்திரமாக இருக்கிறது.

இதைத் தங்கள் மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன், தங்கள் சம்பந்தி



அடுத்த வாரம், புதன்கிழமை

என் கண்ணு,

உன் கடிதம் வந்தது. உன் மாமியாரின் போனும் வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து என்னை உட்கார வைத்துவிட்டன. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அந்த க்ரீமைப் பூசினேன். உனக்குத் தெரியாமல் பூசினேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பூசவில்லை, முறையாகச் செய்தேன். முறை என்று நான் நினைத்ததுதான் வினையாகிவிட்டது. ஒரு தாளில் என் முகத்தை வரைந்தேன், இரண்டு கைகளையும் வரைந்தேன். மூக்கு சரியாக வரவில்லை, அது முக்கியமில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் வீட்டு எண் கொடுப்பதுபோல எண் கொடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று. முகத்தில் பன்னிரண்டு, இடது கையில் எட்டு, வலது கையில் மூன்று. மீட்டர் நோட்டைப் பிடித்த கை இடது கை, நோட்டைச் சாய்த்து மேல்விளிம்பில் பிடிப்பதால் புறங்கை வானத்தைப் பார்த்தபடி இருக்கும். எழுதுகிற கைக்கு நோட்டே கொஞ்சம் நிழல் கொடுத்திருக்கிறது போலும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் பூசினால் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதனால் ஒற்றைப்படை எண்களுக்குப் பூசினேன், இரட்டைப்படையை விட்டுவிட்டேன். தெருவில் ஒரு வரிசை ஒற்றைப்படை, எதிர்வரிசை இரட்டைப்படை இருக்குமே, அந்தப் பழக்கம். தினமும் ரீடிங் எடுத்தேன். ரீடிங் என்றால் நல்ல வெளிச்சம் வேண்டும். குழிக்குள் இருக்கும் மீட்டரைக் காலையிலும் சாயங்காலமும் பார்த்தால் கண்ணாடியில் நிழல் விழுந்து எண் மாறித் தெரியும், உச்சி வெயிலில்தான் சரியாகத் தெரியும். முப்பத்தொரு வருடம் அப்படித்தான் பார்த்தேன். அதனால் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கைக்கண்ணாடியும் பென்சிலும் தாளுமாக மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, நிறம், அளவு, அரிப்பு என்று எழுதிக்கொள்வேன். அரைமணி நேரம் ஆகும். இருபத்தொரு நாள், ஒரு நாள்கூட விடவில்லை.

நீ தலையில் கை வைத்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. உள்ளூர் தோல் டாக்டரும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். சிவப்பு அதிகமாகிவிட்டதால் போன வாரம் அப்பா வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனார். உன்னைவிடச் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். நான் என் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் தப்புப் பண்ணி நான் பாத்ததில்லம்மா" என்றார். இந்த க்ரீம் பூசும் தோல் வெயிலைத் தாங்காதாம். ராத்திரி பூசி, பகலில் வெயிலே படாமல் பார்த்துக்கொண்டு, சன்ஸ்க்ரீனும் போட்டால்தான் பலனாம். நான் அடுப்பில் வைத்துவிட்டு ஆறவில்லையே என்று கேட்டிருக்கிறேன். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் வயசும் வெயிலும் சேர்ந்து வந்த சாதாரணப் புள்ளிதான், பயமில்லை என்றார். இப்போதைக்கு எதுவும் பூச வேண்டாம், ஆறு வாரம் தோலை ஆறவிடச் சொன்னார். அதன் பிறகு லேசரிலும் எடுக்கலாம், குளிர் வைத்து உறைய வைத்தும் எடுக்கலாமாம். குளிர் என்றதும் அப்பா, "இது முன்னமே தெரிஞ்சிருந்தா கெடங்குக்குள்ள ஒரு மணி நேரம் உக்கார வச்சிருப்பேனே" என்றார். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, கன்னம் வலித்தது.

அவர் ஒன்று கேட்டார்: "வீட்ல யாராவது டாக்டர் இருக்காங்களா? கேட்டுப் பூசியிருக்கலாமே." நான் இல்லை என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், "அவள ஏன் இல்லன்னு சொன்ன?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அலமாரியிலிருந்த உன் தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீ கோடு போட்டிருந்த இரண்டு இடமும் வெயிலைப் பற்றியதுதான். முதல் கோட்டுக்குப் பக்கத்தில், "அம்மா, மதியம் வேண்டாம்" என்று பென்சிலில் எழுதியிருந்தாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குள் உன் மாமியாருக்கு நான் ஒரு கடிதம் போட்டிருந்தேன். அதைப் பற்றி அவர் உன்னிடம் சொன்னாரோ இல்லையோ தெரியாது. சொல்லியிருந்தால் பாதியைக் கழித்துக்கொள். மரியாதையாகத்தான் எழுதினேன், ஆனால் மரியாதைக்குள் ஊசி வைத்து எழுதினேன். கெட்டுப்போன ட்யூபைத் தள்ளிவிட்டீர்கள் என்று சொல்லாமல் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் முகத்தில் முழித்திருக்க மாட்டார்கள். அவர் நேராகப் போன் செய்தார். ஸ்பீக்கரை நானே அணைத்துவிட்டு எடுத்தேன். தலைமையாசிரியை குரலில், "சம்பந்தி, கோபம் ட்யூப் மேலயா, என் மேலயா?" என்று கேட்டார். ட்யூப் மேல்தான் என்றேன். "பொய்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "மொத நாள் என்னை நாற்காலில உக்கார வச்சா. என் கையப் பாத்ததும் பேச்சு உங்கள்ட்டப் போயிடுச்சு. எங்கம்மாவுக்கு எடது கையிலதான் அத்தை அதிகம், நோட்டுப் புடிச்ச கைன்னா. மொத்தம் இருபத்தொண்ணு, முகத்துல பதினொண்ணு, எடது கையில ஏழு, வலது கையில மூணுன்னு மனப்பாடமாச் சொன்னா. எப்படித் தெரியும்னு கேட்டேன். கடைசியா ஊருக்குப் போனப்ப அம்மா மதியம் தூங்கிக்கிட்டு இருந்தாங்க, பக்கத்துல உக்காந்து டார்ச் அடிச்சு ஒண்ணொண்ணாப் பாத்தேன், கெட்டது எதுவும் இல்லன்னு தெரிஞ்சப்பறந்தான் கெளம்பினேன்னா. ஆறு தடவையும் இதே பேச்சு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உங்க மூஞ்சியப் பத்திப் பேசுறா. எனக்குந்தான் சம்பந்தி வயிறு எரிஞ்சுது. நான் உங்கள்ட்ட வந்து சொன்னேனா?"

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ட்யூப் பத்திரமாக வந்து சேர்ந்தது என்றார். அந்த அம்மாளை இனிமேல் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். இருந்தாலும் அந்தக் கன்னத்தை நினைத்தால் இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் உன் கடிதம். மேக்கப் பெண்ணிடம் அப்படிச் சொன்னது உண்மைதான் என்று எழுதியிருக்கிறாய். மறந்துவிட்டேன் என்றோ, நீ தப்பாகக் கேட்டிருப்பாய் என்றோ நீ எழுதவில்லை. அந்த வீட்டு மனிதர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்று அந்த வயசில் பயந்துவிட்டேன், அன்று உன் முகத்தை மறைத்ததற்கு இன்றுவரை என் முகம்தான் சுடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நான் அழவில்லை. அப்பா அழுதார். நான் ஆல்பத்தை எடுத்துக் கூடத்தில் வைத்தேன். அந்தப் பெண்மணி யாராக இருந்தால் என்ன, பக்கத்தில் நிற்பது நீ.

எனக்கு உன்மேல் இருந்தது கோபம் இல்லை, கண்ணு. பொறாமை. சுத்தமான பொறாமை. உன் மாமியாரின் தோலைப் பார்த்து வந்ததும் இல்லை. உன் வேலை நேரத்தில் அரைமணி ஒதுக்கி, உன் கையால் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு இடமாக உற்றுப் பார்ப்பது வேறொருத்திக்குக் கிடைக்கிறதே என்று வந்தது. நீ என் முகத்தையும் பார்த்திருக்கிறாய், நான்தான் தூங்கியிருக்கிறேன். என்னை எழுப்பியிருக்கலாம். எழுப்பியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதுவும் சரிதான்.

இருபத்தொன்று என்று நீ சொன்ன கணக்கு அன்றைக்குச் சரி. இப்போது இருபத்து மூன்று. இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று, வலது காதோரம் ஒன்று. இந்த இரண்டும் நீ பார்க்காதபோது வந்தவை.

அதனால் நான் வருகிறேன். ஆறு வாரம் முடிந்த மறுநாளுக்கு அப்பா ரயிலில் இரண்டு இடம் பதிவு செய்துவிட்டார். அதுவரை வெயிலில் போக மாட்டேன், சன்ஸ்க்ரீனை மணி பார்த்துப் போடுகிறேன். எனக்கு நாற்காலியில் உட்கார நேரம் ஒதுக்கி வை. நோட்டில் என் பெயரை எழுதி வை, அம்மா என்று எழுதினால் போதும். கடைசி ஆளாக வை, எனக்குப் பின்னால் யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாம் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வயசில் முழுக்கப் போகாது என்று இங்குள்ள டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நீ பார்த்தால் போதும். இந்தத் தடவை நான் முழித்துக்கொண்டிருப்பேன்.

இங்கே உள்ளவர், நாலு தடவையில் முடிந்துவிடும் என்கிறார். நீயும் கெட்டிக்காரி, மூன்றிலேயே முடித்துவிடுவாய். அப்படிச் செய்துவிடாதே. உன் மாமியாருக்கு ஆறு தடவை செய்திருக்கிறாய். எனக்கு ஏழு வேண்டும்.

நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா